இருபத்திரண்டு கயிறும் அரைப் பாகமும்

31 மார்ச் 2025, திங்கள்

பெருநாளும் நிதியாண்டின் கடைசி நாளும் இந்த வருஷம் ஒன்றாக வந்திருக்கின்றன. என் கணவர் கமால் தொழுகை முடித்துப் புதுச் சட்டையோடு வந்தபோது நான் மேசையில் முகத்துவாரமேடு பேரூராட்சியின் பழைய செலவுப் பட்டியலை விரித்து வைத்திருந்தேன்.

"இன்னா தாஹிரா, பெருநாள் அதுவுமா பேப்பர விரிச்சிகினு குந்திகினு கீற?"

"இன்னிக்கு ராத்திரிக்குள்ள இந்தப் பக்கம் எத்தனை வாய்க்கால காகிதத்துலயே கட்டி முடிப்பாங்கன்னு யோசிக்கறேன்."

"அவன் கட்டட்டும். நீ வெங்காயத்த நறுக்கு."

நறுக்கினேன்.

இருபத்தேழு வருஷம் ஒரு நாளிதழுக்கு உள்ளாட்சிச் செய்தி எழுதியவள் நான். ஒவ்வொரு மார்ச் 31 அன்றும் ஏதாவது ஓர் அலுவலக வராந்தாவில் நின்றிருக்கிறேன். மானியம் பிப்ரவரியில் வரும். மார்ச் முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். அதனால் ஒரே நாளில் சாலைகள் முடியும், கழிப்பறைகள் முடியும், வாய்க்கால்கள் முடியும். பத்திரிகையை விட்டபின், 2018-இல், அதையே முனைவர் பட்ட ஆய்வாக எடுத்துக்கொண்டேன். தலைப்பு: "சிறு உள்ளாட்சிகளின் மார்ச் மாதச் செலவு." ஆய்வேட்டைக் கொடுத்து ஏழு மாதம் ஆகிறது. தேர்வாளர்கள் இருவரிடமிருந்தும் அறிக்கை வரவில்லை. எனக்கு ஐம்பத்தாறு. அக்டோபர் வந்தால் ஐம்பத்தேழு.

பிரியாணி நன்றாக வந்தது. வெங்காயம் கொஞ்சம் கருகல். என் தப்பு.

8 ஏப்ரல்

டோல்கேட் பக்கத்துக் கல்லூரியில் காலை வகுப்பு. பி.காம். இரண்டாம் ஆண்டு. மணிக்கு இவ்வளவு என்று சம்பளம், மே மாதம் கிடையாது. "திருத்திய மதிப்பீடு என்றால் என்ன?" என்று கேட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து நவ்ரீன் எழுந்தாள்: "முதல்ல சொன்ன பொய்யத் திருத்திச் சொல்றது மேடம்."

முழு மதிப்பெண் கொடுத்தேன்.

22 ஏப்ரல்

ஆசீர்வாதம் சார் பகல் பன்னிரண்டே காலுக்குப் போன் செய்தார். என் நெறியாளர். என்னைவிட எட்டு வயது சின்னவர். அவர் என்னை மேடம் என்பார், நான் அவரை சார் என்பேன், இரண்டு பேருக்கும் கொஞ்சம் கூச்சம்.

"ரெண்டு ரிப்போர்ட்டும் வந்துடுச்சு மேடம். ஒண்ணு நல்லா இருக்கு."

"இன்னொண்ணு?"

"நேர்ல வாங்க."

போனேன். இரண்டாம் தேர்வாளரின் அறிக்கை ஒன்றரைப் பக்கம். நகல் எடுத்து வந்திருக்கிறேன். முக்கியமான வரிகள் இவை: "ஐந்தாம் அத்தியாயத்தில் ஆய்வாளர் 'பாகம்' என்ற அளவைப் பயன்படுத்தியுள்ளார். இது ஏற்கப்பட்ட அளவை அன்று. இந்த அத்தியாயத்தை நீக்கினால் ஆய்வேடு பட்டத்துக்குத் தகுதியுடையது. நீக்க விரும்பாவிடில் திருத்தி மறுபடி சமர்ப்பிக்கலாம். மறுபடி மதிப்பிடப்படும்."

சார் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு உட்கார்ந்தார். "எடுத்துடுங்க மேடம். மீதி ஆறு அத்தியாயம் இருக்கு. ஜூலையில வாய்மொழித் தேர்வு. ஆகஸ்ட் இருபத்தொன்பதுக்குள்ள சான்றிதழ் கையில."

ஆகஸ்ட் 29-ஐ அவர் சும்மா சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தின் உள்ளாட்சி நிதி மையத்தில் ஒரே ஓர் உதவிப் பேராசிரியர் இடம் காலியாக இருக்கிறது. விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். பட்டம் கையில் இருக்க வேண்டும். ஐம்பத்தேழு வயது நிறைந்திருக்கக் கூடாது. அடுத்த முறை அறிவிப்பு வரும்போது எனக்கு வயது கடந்திருக்கும். ஆக, இது ஒன்றுதான்.

அத்தியாயம் ஐந்தை எடுத்தால் வேலை. வைத்துக்கொண்டால் மறுமதிப்பீடு, குறைந்தது ஆறு மாதம்.

23 ஏப்ரல்

அந்த அத்தியாயம் எப்படி வந்தது என்று எனக்கே ஒருமுறை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

2023 பிப்ரவரி. எண்ணூர் கழிமுகத்துக்கு வடக்கே முகத்துவாரமேடு. வார்டு ஒன்பதின் மழைநீர் வாய்க்கால். தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய அளவுப் புத்தகத்தில் 640 மீட்டர் என்று இருக்கிறது. அளந்த தேதி 31.3.2022. கையொப்பம், முத்திரை, எல்லாம் சரி. நேரில் போய்ப் பார்த்தால் வாய்க்கால் ரேஷன் கடை முன்னால் நின்றுவிடுகிறது. அங்கிருந்து கழிமுகம் வரை வெறும் மணல். மழை பெய்தால் தண்ணீர் ரேஷன் கடை வரை ஓடி, போக வழியில்லாமல் மீன் விற்கும் கன்னியம்மா இருக்கும் தெருவுக்குள் திரும்புகிறது.

நான் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தேன். முப்பது மீட்டர் நாடா, மஞ்சள் நிறம். பேரூராட்சி மேற்பார்வையாளர் வெற்றி பைக்கில் வந்தார். "யார்மா நீ? இன்னா அளக்கற? இடத்த எதுனா மடக்கப் போறியா?" நாடாவைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். ரசீது கேட்டேன். பைக் புகைதான் கிடைத்தது.

கன்னியம்மாவை எனக்குக் காசிமேட்டில் பழக்கம். விடியற்காலையில் அங்கே ஏலத்தில் மீன் எடுத்து, ஷேர் ஆட்டோவில் கொண்டுபோய் முகத்துவாரமேட்டில் விற்பவர். இன்னமும் என்னைப் பேப்பர்க்காரம்மா என்றுதான் கூப்பிடுவார். அவர்தான் சொன்னார்: "டேப்ப பார்த்தாதான் அவனுக்குப் பேஜாரு. கயிறுன்னா இன்னான்னு கேக்க மாட்டான். கயிறு காயப் போட்டுகினு கீறோம்னு சொல்லிக்கலாம்."

இரண்டு கையையும் விரித்தால் ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரை ஒரு பாகம். கடலில் ஆழம் பார்ப்பதும் வலைக்குக் கயிறு வெட்டுவதும் அந்த அளவில்தான். கன்னியம்மாவிடம் பத்துப் பாகம் கயிறு இருந்தது, பாகத்துக்கு ஒரு முடிச்சு. மறுநாள் காலை அவரும் இன்னொரு பெண்ணும் வாய்க்கால் ஓரமாகவே கயிற்றைப் பரப்பிப் பரப்பி நடந்தார்கள். நான் எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எண்ணினேன். வெற்றி இரண்டு முறை பைக்கில் கடந்து போனார். ஒன்றும் கேட்கவில்லை. இருபத்திரண்டு கயிறும் அரைப் பாகமும். பாகத்துக்கு ஆறடி என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. பெருக்கினேன். 403 மீட்டர். ஆக, 237 மீட்டர் வாய்க்காலைக் காணவில்லை.

இது ஏற்கப்பட்ட அளவை அன்றாம். ஏற்கப்பட்ட அளவையில் எழுதிய 640 மீட்டர் எங்கே இருக்கிறது, அதை யார் போய்ப் பார்த்தார்கள்?

நீக்க மாட்டேன்.

2 மே

நீக்க மாட்டேன் என்று சாரிடம் சொல்லியாகிவிட்டது. திருத்தித் தருகிறேன், அளவை முறையை ஒரு தனிப் பகுதியாக விளக்கி எழுதுகிறேன், மே முடிவதற்குள் கொடுத்தால் சீக்கிரம் மதிப்பிடச் சொல்லிப் பாருங்கள் என்றேன். "பாக்கறேன்" என்றார். நம்பிக்கையில்லாமல் சொல்லும்போது அவர் கண்ணாடியைத் துடைப்பார். துடைத்தார்.

11 மே, ஞாயிறு

காலை ஐந்தரைக்குக் காசிமேடு. மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. சின்னப் படகுகளின் மீன் மட்டும்தான் ஏலத்துக்கு வருகிறது, விலையைக் கேட்டாலே திரும்பிப் போகலாம் போலிருக்கிறது. கன்னியம்மா கவிழ்த்த மீன் கூடைமேல் உட்கார்ந்திருந்தார். கயிற்றைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். படம் எடுத்து அத்தியாயத்தில் சேர்க்க. கூடவே நீளத்தையும் அளந்து போடலாம் என்று புது நாடா வாங்கிப் போயிருந்தேன்.

"இது பத்துப் பாகம்தானே?"

"பத்துப் பாகம்தான். நானே போட்டது. முடிச்ச எண்ணிக்கோ."

எண்ணினேன். பத்து. நாடாவை வைத்தேன். பதினெட்டு மீட்டர் இருபத்தொன்பது வர வேண்டும்.

பதினான்கு மீட்டர் தொண்ணூற்றொன்பது வந்தது.

மறுபடி வைத்தேன். அதே.

"கயிறு சுருங்கிடுச்சா?"

"நைலான் எங்க சுருங்கும்? இன்னா பேப்பர்க்காரம்மா, மூஞ்சி செத்துப் போச்சு?"

"ஒரு பாகம்னா ஆறடி இல்லையா?"

கன்னியம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து ஏலமே ஒரு நொடி நின்றது. "ஆறடி எம் புருஷனோட பாகம். அந்த மனுஷன் வெளக்குக் கம்பம் மாதிரி. இது எம் பாகம்." எழுந்து நின்று இரண்டு கையையும் விரித்தார். அவர் என் தோளுக்குத்தான் வருவார். "யாரு பாகம்னு நீ கேட்டியா? நீ கேக்கல. நான் சொல்லல."

இறால் கூடையோடு இருந்த பெண் எட்டிப் பார்த்தாள். "டாக்டருக்குப் படிக்கிற அம்மாவா இது? படிப்பு இம்மாந்தானா?"

விரித்த கைகளின் மேல் நாடாவைப் பிடித்தேன். நாலடி பதினோரு அங்குலம்.

மீன் வாங்காமல் வந்துவிட்டேன்.

12 மே

220 பாகமும் அரையும். நாலடி பதினோரு அங்குலத்தால் பெருக்கினால் 330.4 மீட்டர்.

403 இல்லை. 330.

அதாவது நான் செய்த தப்பு பேரூராட்சிக்குச் சாதகமான தப்பு. இல்லாத 73 மீட்டர் வாய்க்காலை நானே அவர்களுக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். வெற்றியின் அலுவலகம் செய்ததையே நானும் செய்திருக்கிறேன் — உட்கார்ந்த இடத்திலிருந்து ஓர் எண்ணை எடுத்து, சரிபார்க்காமல், கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஏன் கேக்கல? யாரு, எப்போ, எங்க, எவ்ளோ — இருபத்தேழு வருஷம் வாயில அதைத் தவிர வேற வார்த்தையே இல்லையே. ஒரு கைய விரிக்கச் சொல்லி பார்க்கத் தெரியாதா எனக்கு? புத்தகத்துல ஆறடின்னு இருந்ததாம். புத்தகம் எழுதினவன் கன்னியம்மாவைப் பார்த்தானா?

யாருக்கும் தெரியாது. இதுதான் இன்று நாள் முழுக்க ஓடிக்கொண்டிருப்பது. தேர்வாளருக்குத் தெரியாது, சாருக்குத் தெரியாது. அத்தியாயத்தை எடுத்துவிட்டால் தப்பும் அதோடு போய்விடும். எடுக்கச் சொல்லி அவர்களே கேட்கிறார்கள். ஜூலையில் பட்டம், ஆகஸ்டில் விண்ணப்பம். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

எவ்வளவு வசதியாக இருக்கிறது.

14 மே

கமாலிடம் சொன்னேன். துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் கிரேன் ஓட்டியவர். எதையும் மேலிருந்து பார்த்துப் பழக்கம்.

"சரக்க தூக்கிட்ட. பாதி வழியில தெரியுது, கட்டு சரியில்ல. இன்னா பண்ணுவ?"

"நான் கிரேன் ஓட்டல."

"சொல்லுமே. அப்படியே போட்டுட்டுப் போயிடுவியா? கீழ ஆளு நிக்கறான். மெதுவா எறக்கணும், அவுக்கணும், திரும்பக் கட்டணும்."

"அதுக்குள்ள கப்பல் போயிடுமே."

"போவும்." டீயை உறிஞ்சினார். "கப்பல் இன்னா, தெனைக்கும்தான் போவுது."

எனக்கு அது ஆறுதலாக இல்லை. ஆனால் எழுந்து போய்க் கணினியைத் திறந்தேன்.

20 மே

சாரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"இத வெளிய சொல்லாதீங்க மேடம். மத்த அளவெல்லாம் சந்தேகத்துக்கு வரும்."

"வரட்டும் சார். மத்த பதினோரு இடமும் நாடாவுல அளந்தது. யார் வேணும்னாலும் போய்ப் பார்க்கலாம்."

"அந்த வேலை போயிடும். புரியுதா? இனிமே மே மாசத்துக்குள்ள ஒண்ணும் நடக்காது."

"புரியுது."

"இதுக்காகத்தானே ஏழு வருஷம் இந்தப் படி ஏறி எறங்கினீங்க?"

"வாய்க்காலுக்காகவும்தான் சார்."

ஒரு வெள்ளைத் தாளை இழுத்து வைத்துக்கொண்டார். "பிழைய எங்க போடப் போறீங்க? அடிக்குறிப்புல போட்டுடலாம்."

"அத்தியாயத்தோட முதல் பத்தியில."

"முதல் பத்தியிலயா?"

"பத்திரிகையில வருத்தம் தெரிவிக்கிறோம்னு உள்பக்கத்துல பொடி எழுத்துல போடுவாங்க. அத நானே எத்தனையோ தடவை போட்டிருக்கேன். இது முதல் பத்தியிலதான் வரணும்."

அவர் சிரித்துவிட்டார். நெறியாளர் சிரித்து நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

28 மே

முகத்துவாரமேடு செயல் அலுவலருக்குப் பதிவுத் தபால். ஜூன் 5, வியாழன், காலை பத்து மணிக்கு வார்டு ஒன்பதின் வாய்க்காலை நாடாவால் அளக்கப் போகிறேன், தங்கள் தரப்பில் ஒருவரை அனுப்பி உடனிருந்து பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். ஒப்புகை அட்டையோடு அனுப்பியிருக்கிறேன். 

இந்த முறை டீக்கடை பெஞ்சில் ஒளிந்து உட்காரப் போவதில்லை.

5 ஜூன்

பத்தரை வரை யாரும் வரவில்லை. கன்னியம்மா பதினோரு பெண்களைக் கூட்டி வந்திருந்தார். எதற்கு இத்தனை பேர் என்றேன். "நாடாவுக்குத் தொணை" என்றார்.

நூற்றிருபதாவது மீட்டரில் வெற்றி வந்தார். அதே பைக்.

"யாரு பர்மிஷன் குடுத்தா?"

"பதிவுத் தபால்ல உங்க ஆபீசுக்குத் தெரிவிச்சிருக்கேன். அட்டை இதோ."

"அது தகவல். பர்மிஷன் எங்க?"

"தெருவுல நடக்க யார்கிட்ட பர்மிஷன் வாங்கணும், வெற்றி?"

அவர் நாடாவைப் பார்த்துக் கையை நீட்டினார். கன்னியம்மா நடுவில் வந்து நின்றார். "தொட்டுப் பாரு நைனா. போன தபா ஒண்ண புடுங்கினு போனியே, அது எங்க? மொதல்ல அத்த குடு. அப்பால இத்த தொடு."

பெண்கள் சிரித்தார்கள். வெற்றி நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். சட்டையில் பேனா மாட்டிய சின்ன ஆள், அவ்வளவுதான். அளவுப் புத்தகத்தில் இருப்பது அவருடைய கையெழுத்துக்கூட இல்லை.

"மீதி வாய்க்கால் மண்ணுல மூடிகீதும்மா. உங்களுக்குத் தெரியாது."

"அப்ப தோண்டு" என்றார் கன்னியம்மா. "நாங்க நிக்கறோம். எங்களுக்கு இன்னா வேல?"

தோண்டவில்லை. போய்விட்டார்.

வாய்க்கால் தொடக்கத்திலிருந்து ரேஷன் கடை வரை, நாடாவில்: 330.4 மீட்டர்.

அப்புறம் கயிற்றையும் வைத்துப் பார்த்தோம். இந்தத் தடவை நானே ஒரு முனையைப் பிடித்தேன். இருபத்திரண்டு கயிறும் அரைப் பாகமும். கன்னியம்மாவின் கயிற்றில் தப்பு இல்லை. ஒரு முடிச்சில்கூட இல்லை. தப்பு முழுக்க என் பெருக்கலில்தான் இருந்திருக்கிறது.

"அப்ப எங்கயிறு பாஸா?" என்றார்.

"பாஸ். நான்தான் பெயில்."

"பரவால்ல, திரும்ப எழுது."

7 ஜூன்

பக்ரீத். கறியில் ஒரு பங்கு கன்னியம்மா தெருவுக்கு. கமாலே ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வாய்க்காலை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வந்தார். "ரேஷன் கடையாண்ட சடன் பிரேக் போட்ட மாதிரி நிக்குதே" என்றார்.

30 ஜூன்

கொடுத்துவிட்டேன். ஐந்தாம் அத்தியாயத்தின் தொடக்கம் இப்போது இப்படி:

"இந்த அத்தியாயத்தின் முந்தைய வடிவில் ஆய்வாளர் ஒரு பிழை செய்தார். ஒரு பாகம் யாருடைய கைகளால் அளக்கப்பட்டது என்று கேட்கத் தவறினார். அதனால் வாய்க்காலின் நீளம் 73 மீட்டர் கூடுதலாகக் காட்டப்பட்டது. அளந்தவர் செய்த பிழை அல்ல இது."

கடைசி வாக்கியத்தைத் தேவையில்லை என்று சார் அடித்திருந்தார். மறுபடி எழுதிச் சேர்த்தேன்.

29 ஆகஸ்ட்

மாலை ஐந்தே முக்காலுக்கு விண்ணப்ப இணையதளம் மூடியது. மூடும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதற்கு என்று தெரியவில்லை. அப்புறம் வகுப்புக்கான தாள்களைத் திருத்தினேன். நவ்ரீன் நாற்பத்தொன்பதுக்கு நாற்பத்தாறு. ஐம்பதுக்கு. என் கண்ணே சரியில்லை இன்று.

18 அக்டோபர்

ஐம்பத்தேழு.

கமால்: "பொண்டாட்டி டாக்டரு ஆவப்போறான்னு சொல்லிச் சொல்லி, டீக்கடையில அல்லாரும் எங்கிட்ட மாத்திர கேக்கறானுங்க. சீக்கிரம் பாஸ் பண்ணு. இல்லன்னா எனக்கு மருந்து பேராச்சும் சொல்லிக் குடு."

வாய்மொழித் தேர்வு நவம்பர் 11. தேதி வந்துவிட்டது.

11 நவம்பர், செவ்வாய்

வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அறிவிப்பிலேயே போடுவார்கள். யாரும் வருவதில்லை. நான் கன்னியம்மாவிடம் சொல்லியிருந்தேன். நாலு பெண்களோடு காசிமேட்டிலிருந்து நேராக வந்துவிட்டார். கூடைகளை வாசலில் வைத்துவிட்டு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தார்கள். முன்னாலிருந்த ஆராய்ச்சி மாணவர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.

"மீன் வாசனைதான் நைனா" என்றார் கன்னியம்மா. "செத்துப் பூட மாட்ட."

அறிக்கை எழுதிய இரண்டாம் தேர்வாளர் யார் என்று இன்றுதான் தெரிந்தது. பேராசிரியர் ஜேக்கப், நாகர்கோவில்காரர், எழுபதை நெருங்குபவர். குரலை உயர்த்தவே இல்லை. அப்படிப்பட்டவர்களிடம்தான் எனக்குப் பயம்.

"நீங்களே பிழை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் ஓர் எண்ணை நம்பச் சொன்னீர்கள். இப்போது இன்னோர் எண்ணை நம்பச் சொல்கிறீர்கள். நாளை மூன்றாவது வருமா?"

"வரலாம் சார். வந்தால் அதையும் முதல் பத்தியில் எழுதுவேன். 640 என்று எழுதியவர்கள் மூன்று வருஷமாக இரண்டாவது எண் எதையும் எழுதவில்லை. அதை யாரும் அவர்களிடம் கேட்கவும் இல்லை."

"அத்தியாயத்தை நீக்கியிருந்தால் நாலு மாதம் முன்பே முடிந்திருக்கும். தெரியுமா?"

"தெரியும் சார்."

"பிறகு ஏன் வைத்தீர்கள்?"

நிறைய தயாரித்து வைத்திருந்தேன். நிதிப் பொறுப்புடைமை, தணிக்கை, குடிமக்கள் பங்கேற்பு. அதையெல்லாம் விட்டுவிட்டேன். "அந்த வாய்க்கால் ரேஷன் கடையோடு நிற்கிறது சார்" என்றேன்.

அவர் குறித்துக்கொண்டார். அவையில் யாருக்காவது கேள்வி உண்டா என்று தலைவர் வழக்கம்போலக் கேட்டார், பதிலை எதிர்பார்க்காமல் தாளை மடித்துக்கொண்டே. கன்னியம்மா எழுந்தார்.

"எனக்கு ஒண்ணு கீது. மீதி வாய்க்கால் எப்ப சார் வரும்?"

ஜேக்கப் சார்தான் சொன்னார்: "அது இந்தத் தேர்வின் வரம்புக்குள் வராதும்மா."

"அப்ப எதுலதான் வரும்? பஞ்சாயத்து ஆபீசுலயும் இதத்தான் சொல்றாங்க."

அந்தக் கேள்வியைத் தேர்வுக் குறிப்பில் பதிவு செய்யுங்கள் என்றார் ஜேக்கப் சார். பதிவு செய்தார்கள். அரைமணி நேரம் கழித்துப் பட்டத்துக்குப் பரிந்துரை என்று அறிவித்தார்கள். ஆசீர்வாதம் சார் கையைக் கொடுத்தார், கண்ணாடி மங்கியிருந்தது, துடைக்கவில்லை.

டீ குடிக்கும்போது ஜேக்கப் சார் கன்னியம்மாவிடம் போனார். "என் பாகம் எவ்வளவு இருக்கும்மா?"

கன்னியம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "அஞ்சேகால் அடி. கோட்ட கழட்டினா அஞ்சே அரைக்கால்."

2 டிசம்பர்

விடாத மழை. கன்னியம்மா போனில்: "முட்டிக்கால் வரைக்கும் தண்ணி. கூட மெதக்குது, அடுப்பு மெதக்குது. உன் புக்க பிளாஸ்டிக் கவர்ல போட்டு பரண் மேல வச்சிகீறேன்."

முனைவர் தாஹிரா. பெயருக்கு முன்னால் நாலு எழுத்து. வாய்க்கால் அதே இடத்தில்.

8 டிசம்பர், திங்கள்

ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைகேட்கும் நாள். மனுவில் நாற்பத்தாறு பேர் கையெழுத்து, ஒன்பது கைநாட்டு. மனுவை எழுதியது நான் இல்லை. கன்னியம்மா சொல்லச் சொல்ல அவர் மருமகள் எழுதியது. ஐந்தாம் அத்தியாயத்தை முழுசாக இணைத்திருந்தார்கள். என் பிழை இருக்கும் முதல் பத்தியை மட்டும் விட்டுவிடலாமே என்று வரிசையில் நின்றிருந்த ஒருவர் யோசனை சொன்னார்.

"அது இருந்தாதான் நம்புவாங்க" என்றார் கன்னியம்மா. "தப்ப ஒத்துகினவ எழுதினது."

12 ஜனவரி 2026

மையத்து வேலைக்கு ஆள் சேர்ந்துவிட்டார். பெயர் காலித், முப்பத்து மூன்று வயது. ஐந்தாம் அத்தியாயத்தை வகுப்பில் பாடமாக வைக்க அனுமதி கேட்டு எழுதியிருக்கிறார். முதலில் கோபம் வந்தது. மதியத்துக்கு மேல் அனுமதி கொடுத்தேன். ஒரு நிபந்தனையோடு: மாணவர்கள் முதல் நாள் தங்கள் பாகத்தை அளந்து நோட்டில் எழுத வேண்டும்.

டோல்கேட் கல்லூரியில் இந்தப் பருவத்துக்கும் மணிக்கணக்குச் சம்பளம்தான். வாரம் பன்னிரண்டு மணி.

9 பிப்ரவரி 2026, திங்கள்

ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பைப் போன மாதம் என் பழைய நாளிதழின் ஏழாம் பக்கத்திலிருந்து வெட்டி இந்த நோட்டில் ஒட்டியிருக்கிறேன். மூன்றரை அங்குலம், ஒற்றைப் பத்தி. முகத்துவாரமேடு பேரூராட்சி, வார்டு 9, ரேஷன் கடை முதல் கழிமுகம் வரை விடுபட்ட மழைநீர் வாய்க்கால். நீளம் 309.6 மீட்டர்.

640-இலிருந்து 330.4 போனால் 309.6. அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் ஆறு வரை நாங்கள் அளந்ததுதான். 237 என்று போட்டிருந்தால் கழிமுகத்துக்கு 73 மீட்டர் முன்னால் மறுபடி மணலில் நின்றிருக்கும். பழைய பில்லில் கையெழுத்துப் போட்டவர் மேல் விசாரணை என்கிறார்கள். பார்க்கலாம்.

இன்று காலை ஏழு மணிக்குக் கன்னியம்மா போன்.

"பேப்பர்க்காரம்மா, ஜேசிபி வந்துகீது. ரேஷன் கடையாண்ட தோண்டிகினு கீறானுங்க."

"யார் நிக்கறாங்க?"

"வெற்றி நிக்கறான். கையில டேப்பு வச்சிகினு அளந்துகினு கீறான். மஞ்ச டேப்பு."

"முப்பது மீட்டரா?"

"அதேதான். உன்னுது. கேட்டேன். அளந்துட்டு குடுத்துடறேன்கறான். கயித்த எடுத்துகினு போவட்டா?"

"எடுத்துட்டுப் போங்க. நான் பத்து மணி வகுப்ப முடிச்சுட்டு நேரா வரேன்."

மார்ச் 31-க்கு இன்னும் ஐம்பது நாள் இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் போய் நிற்க வேண்டும்.